சம்பந்தியின் முகமூடியில் ஓட்டைகள்

மே 4

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இந்தப் பெட்டிக்குள் என் கண்ணாடி இருக்கிறது. அதற்கு ஒரு கோளாறும் இல்லை. ரிப்பேர் என்று பொய் சொல்லி என் மகளிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அவள் வேலை பார்க்கும் வங்கி உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எதிரில்தானே இருக்கிறது. போனில் பேசலாமென்றால், என் வீட்டுக்காரி யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். இது அவள் காதில் விழக்கூடாத விஷயம்.

சுற்றி வளைக்கவில்லை. நேற்று மாலை கடிகாரக் கோபுரத்து உச்சியில் நீங்கள் என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினீர்கள்.

ஆமாம். ஊரே தேடுகிற பசைவேந்தன் நான்தான். பெயிண்டும் பசையும் விற்கிற கடைக்காரன், உங்கள் மகனுக்குப் பெண் கொடுக்கப் போகிறவன், கோபுரத்துக் கடிகாரத்தின் முட்களை நேற்று ஒட்டிவைத்தவன், எல்லாம் ஒரே ஆள். என்னுடையதை நான் உடைத்துச் சொல்லிவிட்டேன். இனி நீங்களும் மழுப்ப வேண்டாம். ஊரே கைதட்டுகிற, வானத்தில் பறக்கிற அந்த நீலச்சால்வை நீங்கள்தான்.

இத்தனை வருடம் மல்லுக்கட்டியும் தெரியாதது நேற்று எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? எல்லாம் என் புத்திசாலித்தனம்தான். வேஷம் போடும்போது கண்ணாடியைக் கழற்றிவிடுவேன். சோடாபுட்டி கண்ணாடியோடு ஒரு வில்லன் வந்தால் நாளைக்கே பிடித்துவிடுவார்கள் என்று பயம். அதனால் உங்கள் முகம் எனக்கு எப்போதும் நீலமாக ஒரு பூச்சு, அவ்வளவுதான். கல்யாண போட்டோவில் கண்ணாடி பளபளக்கும் என்று மகள் சொன்னாள் என்பதற்காகப் போன வாரம் நீங்களே உங்கள் கையால் எனக்குக் கான்டாக்ட் லென்ஸ் மாட்டிவிட்டீர்கள். அதைப் போட்டுக்கொண்டு கோபுரத்துக்குப் போனேன். பார்த்தால் அதே மீசை, அதே மோவாய் மச்சம். போதாக்குறைக்கு என்னை அந்தரத்தில் தொங்கவிட்டுக் கேட்டீர்கள்: "இப்ப தெரியுதா? முன்னைக்கு இப்ப எப்படி இருக்கு?" கண் பரிசோதனை செய்கிறவனைத் தவிர உலகத்தில் எவன் இப்படிக் கேட்பான்?

உங்கள் பூட்ஸில் பசையைக் கொட்டிவிட்டு ஓடியதற்கு மன்னிக்கவும். அதிர்ச்சியில் இருந்தேன்.

இப்போது என் கவலை வேறு. ஜூன் 14 கல்யாணம். எனக்கு இருப்பது ஒரே மகள். நாளைக்கு இன்னொரு வில்லனும் உங்களைக் கண்டுபிடித்தால் முதலில் யாரைத் தூக்குவான்? வீட்டு மருமகளைத்தான். தூக்கிக்கொண்டு போய் ஏதாவது உயரமான கட்டடத்தில் தொங்கவிடுவான். எங்கள் தொழிலில் அதுதான் முதல் பாடம். அதனால் இந்தக் கல்யாணத்தை நிறுத்தலாம் என்று இருக்கிறேன்.

இப்படிக்கு,
இப்போதைக்கு இன்னும் உங்கள் சம்பந்தி


மே 5

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கண்ணாடி கிடைத்தது. மூக்குத் தாங்கி லேசாகத் தளர்ந்திருந்தது, மாற்றியிருக்கிறேன். கட்டணம் வேண்டாம்.

கடிதத்தில் உள்ள மற்ற விஷயங்கள் எனக்கு விளங்கவில்லை. நீலச்சால்வை என்பவரைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருக்கிறேன். நல்ல மனிதர் என்கிறார்கள். நேற்று முன்தினம் மாலை நான் கடையில்தான் இருந்தேன்.

வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: அந்தப் பூட்ஸ் புதியது என்று கேள்விப்பட்டேன். யாருடையதோ, பாவம்.


மே 7

சம்பந்தி,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் சோறே இல்லாமல் மறைக்கப் பார்க்கிறீர்கள்.

எங்கள் வீட்டுக்கு முதல் முறை வந்தபோது கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? என் வீட்டுக்காரி தன்னுடையது என்று நினைத்து எடுத்து மாட்டிப் பார்த்துவிட்டு, "இதுல பவரே இல்லையே!" என்றாள். கண்ணாடிக் கடைக்காரர் போட்டிருப்பது வெறும் ஜன்னல் கண்ணாடி. அன்றைக்கு நாங்கள் சிரித்தோம், அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அப்புறம் உங்கள் கடைவாசலில் 'ஐந்து நிமிடத்தில் வருகிறேன்' என்று ஒரு பலகை. ஊரில் எப்போது சைரன் ஊதினாலும் அது தொங்குகிறது. எப்போது ஊதி ஓய்ந்தாலும் அது காணாமல் போகிறது. நீலச்சால்வை கிளம்புவது எந்த மாடியிலிருந்து என்று என் ஆட்கள் வருடக்கணக்காகச் சொல்லிவந்தார்கள்: "அண்ணே, அந்தக் கண்ணாடிக் கடை மாடிதாண்ணே." நான்தான், அவ்வளவு பெரிய ஆள் ஒரு கடை மாடியில் ஏன் இருக்கப் போகிறான் என்று அவர்களைப் பெரிய பெரிய பங்களாக்களுக்கு அனுப்பித் தேடவைத்தேன்.

நேற்றுப் பேப்பரில் உங்கள் படம் முதல் பக்கத்தில். என் வீட்டுக்காரி கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, இவரு நம்ம சம்பந்தி மாதிரியே இல்ல?"

பேப்பரை அவள் கையிலிருந்து பிடுங்கப் போனேன்.

"ஆனா சம்பந்தி கண்ணாடி போட்டிருப்பாரே," என்று அவளே சொல்லிவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தாள்.

ஊர் முழுக்க இப்படித்தான் இருக்கிறது சம்பந்தி. உங்கள் சாமர்த்தியத்தால் நீங்கள் இதுவரை தப்பிக்கவில்லை. எங்கள் எல்லோருடைய சோம்பேறித்தனத்தாலும் தப்பித்திருக்கிறீர்கள். ஒருவன் கொஞ்சம் உட்கார்ந்து யோசித்தால் போதும், என் மகள் கட்டட உச்சியில். பாம்பின் கால் பாம்பறியும். நான் யோசித்துவிட்டேன், அடுத்தவன் யோசிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

உண்மையைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்ததை நாளைக்கே திரும்ப வாங்கிவிடுவேன்.

- ப.வே.


மே 9

அன்புள்ள சம்பந்திக்கு,

கடையை மூடிவிட்டு, பரிசோதனை அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆமாம், நான்தான்.

இதை எழுதிப் பார்ப்பது இதுவே முதல் தடவை. என் மனைவிக்குத் தெரியாது. மகனுக்கும் தெரியாது. வீட்டில் எல்லோரும் என்னைத் தீராத வயிற்றுக் கோளாறு உள்ளவன் என்று நினைத்திருக்கிறார்கள். சைரன் ஊதும்போதெல்லாம் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடுவேன், அதனால். உங்கள் வீட்டு அம்மா எனக்கென்று கொடுத்தனுப்பும் கஷாயங்களை முகம் சுளிக்காமல் குடித்துவருகிறேன்.

கல்யாணத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். என் மகன் பள்ளியில் பரிசு வாங்கிய அன்று எங்கோ ஒரு கிணற்றில் யாரோ விழுந்துவிட்டார்கள். அவன் பட்டம் வாங்கிய அன்று ஒரு ரயில். முதல் சம்பளத்தில் எங்களுக்குச் சாப்பாடு வாங்கித்தர ஓட்டலுக்குக் கூட்டிப்போன அன்று, தண்ணீர் வைத்தவுடனேயே நான் எழுந்து போய்விட்டேன். அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. திரும்பி வந்தால், "வயிறு இப்ப எப்படிப்பா இருக்கு?" என்பான். பிறந்ததிலிருந்து அவன் என்னிடம் வேண்டும் என்று கேட்டது உங்கள் மகளை மட்டும்தான்.

எந்த ஓட்டையை எப்படி அடைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அடைத்துவிடுகிறேன். ஓட்டை அடைக்கிற விஷயத்தில் இந்த ஊரில் உங்களை விட்டால் ஆள் இல்லை.

தங்கள் சம்பந்தி


மே 12

சம்பந்திக்கு,

கடைசி வரியில் ஐஸ் வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, உண்மைதானே. இந்த மாநகராட்சிதான் என் பசையைத் 'தரமற்றது' என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பியது. நான் பசைவேந்தன் ஆனதே அதனால்தான். மேயரை நாற்காலியோடு ஒட்டிவைத்தேன். அவரானால், வழக்கமாகவே இப்படித்தானே இருக்கிறோம் என்று அன்று மாலைவரை கவனிக்கவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் நிபந்தனைகள் இவை. மீசையை எடுங்கள். பலகையைக் கழற்றுங்கள். வேறு மாடியிலிருந்து கிளம்புங்கள். "இப்ப தெரியுதா" என்ற பேச்சே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கல்யாணத்தன்று சைரன் ஊதினாலும் சரி, வானமே இடிந்து விழுந்தாலும் சரி, நீங்கள் மண்டபத்தை விட்டு நகரக் கூடாது. சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டிய மாப்பிள்ளையின் அப்பா காணாமல் போய், அதே நேரத்தில் நீலச்சால்வை எல்லோருடைய செல்போனிலும் நேரலையில் பறந்தால், அந்த ஓட்டையை என் பசையாலும் அடைக்க முடியாது. நகர்ந்தால் கல்யாணம் இல்லை.

சம்மதமா?


மே 19

அன்புள்ள சம்பந்திக்கு,

பலகையைக் கழற்றிவிட்டேன். எதிர்வரிசையில் இருக்கும் பல் மருத்துவமனை மாடியிலிருந்து கிளம்புகிறேன். "தெரியுதா" என்பதை விட்டுவிட்டு, நேற்று ஒரு திருடனிடம் "விளங்குதா?" என்று கேட்டேன். அவன், "எது?" என்றான்.

மீசை விஷயத்தில் ஒரு பிசகு. திங்கட்கிழமை காலையில் எடுத்தேன். கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் "மீசை எங்க சார்?" என்று கேட்டார்கள். மாலையில் ஒரு தீ விபத்து, போக வேண்டியதாயிற்று. இரவுச் செய்தியில் நீலச்சால்வைக்கும் மீசை இல்லை. என் மனைவி டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இப்ப எல்லாரும் மீசையை எடுத்துடுறாங்க, இதுதான் போல ஸ்டைலு," என்றாள். கடவுள் காப்பாற்றினார்.

கல்யாணத்தன்று நகராமல் இருக்க முயற்சி செய்கிறேன்.


மே 21

சம்பந்தி,

பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்துவிட்டது. மீசை ஒரே நாளில் இரண்டு இடத்தில் காணாமல் போனால், ஓட்டை அடைபடாது, கதவாகிவிடும்.

இத்துடன் ஒரு ஒட்டு மீசையும், என் சொந்தத் தயாரிப்பில் ஒரு சின்னக் குப்பிப் பசையும் வைத்திருக்கிறேன். வேஷம் போடும்போது ஒட்டிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். கடைக்காரருக்கு மீசை இல்லை, நீலச்சால்வைக்கு உண்டு. விஷயம் முடிந்தது.

'முயற்சி செய்கிறேன்' என்றால் என்ன அர்த்தம்? என் கடையில் கடன் கேட்கிறவன்தான் அப்படிச் சொல்வான்.


மே 24

சம்பந்தி,

மீசை வரவில்லை.


மே 25

சம்பந்திக்கு,

வராது. என் பசை தரமற்றது என்று சொன்ன அந்த அதிகாரியை உங்கள் வீட்டுக்கு அழைத்துவந்து காட்ட வேண்டும் போல இருக்கிறது. இதில் கரைப்பான் இருக்கிறது, பஞ்சில் நனைத்து மெதுவாகத் தடவுங்கள். வீட்டில் என்ன சொல்லிச் சமாளித்தீர்கள்?

மகள் என்னைக் கேட்கிறாள்: "அப்பா, உங்க கண்ணாடி வாரத்துக்கு ரெண்டு தடவை எப்படிப்பா உடையுது?"


மே 28

அன்புள்ள சம்பந்திக்கு,

மீசை வந்துவிட்டது, கூடவே கொஞ்சம் தோலும். ராத்திரியோடு ராத்திரியாக மீசை முளைத்ததற்கு உங்கள் வீட்டுக் கஷாயம்தான் காரணம் என்று சொல்லிவிட்டேன். என் அண்ணனுக்குத் தலையில் முடி இல்லை. அவருக்கும் ஒரு பாட்டில் கேட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டு அம்மாவிடம் எப்படிச் சொல்வீர்களோ, அது உங்கள் பாடு.

கல்யாணத்தன்று நகர மாட்டேன். இது முயற்சி இல்லை, வாக்கு.


ஜூன் 16

அன்புள்ள சம்பந்திக்கு,

இரண்டு நாளாக உங்களுக்கு எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

வாக்குக் கொடுத்தவன் நான். பதிவாளர் புத்தகத்தை விரிக்கும்போது சைரன் ஊதியது. முன்வரிசையில் யாரோ செல்போனைப் பார்த்து, பாலத்தின் கைப்பிடியை உடைத்துக்கொண்டு ஒரு பள்ளிப் பேருந்து தொங்குகிறது என்றார்கள். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகன் என்னைப் பார்த்தான். அவன் முகம் எனக்குப் பழக்கப்பட்ட மாதிரி வாடியது. கையை வயிற்றுக்குக் கொண்டுபோக வேண்டாம், வேண்டாம் என்று இருந்தேன். அப்போதுதான் பக்கத்தில் வந்து காதில் சொன்னீர்கள்: "பஸ்ஸுல பிள்ளைங்க இருக்குதுங்க. போங்க. இங்க நான் பாத்துக்கிறேன்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குள் ஓடினேன். பேருந்தைத் தூக்கி வைத்துவிட்டுப் பாலத்திலிருந்து திரும்பி, அதே கழிவறையின் பின்பக்க ஜன்னல் வழியாக உள்ளே இறங்கியபோது வெளியே ஒரே கூச்சல். கதவைத் திறக்கப் பார்த்தேன், அசையவில்லை. வெளியே உங்கள் குரல்: "எங்க சம்பந்தி உள்ள மாட்டிக்கிட்டாரய்யா! வயிறு சரியில்லாத மனுஷன்! பாவி, கதவை ஒட்டிட்டானே!" தீயணைப்புக்காரர்கள் கதவை உடைத்து என்னை வெளியே எடுத்தார்கள். பதிவாளரின் பேனா அவர் விரலோடு ஒட்டியிருந்தது. முன்வரிசை முழுவதும் நாற்காலியும் கையுமாக நின்றுகொண்டிருந்தது. எல்லோரும் பசைவேந்தனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும் விடச் சத்தமாகத் திட்டியது நீங்கள்.

எங்கள் வீட்டில் எல்லோரும் நேரலையில் நீலச்சால்வையைப் பார்த்திருக்கிறார்கள். அதே நேரத்தில் நான் கழிவறைக்குள் மாட்டியிருந்ததற்கு மண்டபமே சாட்சி. என் மனைவி சொன்னாள்: "ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துச்சு. நீங்கதானோன்னு. நல்லவேளை நீங்க பாத்ரூம்ல இருந்தீங்க."

கையெழுத்துப் போட்டபோது என் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "இந்தத் தடவை இருந்துட்டீங்கப்பா," என்றான். அவன் வாழ்க்கையில் நான் முழுதாக இருந்த முதல் நல்ல நாள் இது. அதைக் கொடுத்தது நீங்கள். சொந்த மகள் கல்யாணத்தில் உங்கள் பெயரை நீங்களே கெடுத்துக்கொண்டு கொடுத்தீர்கள். நன்றி.

தங்கள் சம்பந்தி


ஜூன் 18

சம்பந்தி,

நன்றியெல்லாம் இருக்கட்டும். மேடையில் என் மகள் குனிந்து கையெழுத்துப் போட்டாள். நாக்கைக் கொஞ்சம் கடித்துக்கொண்டு எழுதினாள், ஒன்றாம் வகுப்பில் எழுதின மாதிரியே. இமையில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது, அதுகூடத் தெரிந்தது. கண்ணாடி இல்லாமல் அவளை அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து லென்ஸைக் கழற்றும்போது கண்ணாடி முன் நின்று பார்த்தேன். என் இடது கண்ணில், கருவிழிக்குப் பக்கத்தில், பிறந்ததிலிருந்து ஒரு பழுப்புப் புள்ளி உண்டு. அப்போதுதான் ஒன்று உறைத்தது. உங்கள் முகமூடி கண்ணை மட்டும் மறைக்கும், மற்றதெல்லாம் வெளியே. என் முகமூடி எல்லாவற்றையும் மறைக்கும், கண் மட்டும் வெளியே. நீங்களோ ஆயுசுக்கும் கண்ணையே பார்த்துப் பிழைக்கிறவர். நான் உங்கள் கடையில் எத்தனை வருடமாகக் கண்ணாடி போடுகிறேன்!

ஊரார் முகமூடியில் எல்லாம் ஓட்டை தேடினேன், என் முகத்தில் இரண்டு ஓட்டை இருந்ததைப் பார்க்கவில்லை. உங்களுக்கு என்னை எப்போதிருந்து தெரியும்? தெரிந்திருந்தால், உங்கள் முகம் எனக்குத் தெரிந்துவிடும்படி எதற்காக அந்த லென்ஸைச் செய்து கொடுத்தீர்கள்?

மழுப்பாமல் பதில் வேண்டும்.


ஜூன் 20

அன்புள்ள சம்பந்திக்கு,

நீங்கள் முதன்முதலாக என் கடைக்கு வந்து மோவாயைக் கருவியில் வைத்த அன்றே தெரியும். அதற்கு முந்தின வாரம்தான் மேயர் அலுவலகத்தில் அந்தப் பழுப்புப் புள்ளியைப் பார்த்திருந்தேன்.

கோபுரத்தில் பிடித்தால் போலீஸில் ஒப்படைப்பேன், அது ஒரு வேலை. நீங்கள்தான் ஒவ்வொரு முறையும் பசையைக் கொட்டிவிட்டு நழுவிவிடுகிறீர்கள். ஆனால் பரிசோதனை நாற்காலியில் பார்த்ததை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த அறைக்குள் வருகிறவர்கள் என்னை நம்பித்தான் கண்ணைக் காட்டுகிறார்கள். பிறகு பிள்ளைகள் ஒருவரை ஒருவர் விரும்பிவிட்டார்கள், எனக்கு வாய் இன்னும் இறுகிவிட்டது.

லென்ஸுக்கு அளவெடுத்த அன்று யோசித்தேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். பவரைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் போதும். உங்களுக்கு வித்தியாசம் புரியாது, என் முகம் பழையபடி நீலப் பூச்சாகவே இருந்திருக்கும். நீங்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னீர்கள்: "எனக்கு வேற ஒண்ணும் வேணாம் சம்பந்தி. எம்மக கையெழுத்துப் போடும்போது அவ முகம் தெளிவாத் தெரியணும். அது போதும்."

அதற்கப்புறம் குறைக்கக் கை வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோபுரத்தில் உங்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்ப தெரியுதா? முன்னைக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேனே, அது வாய் தவறி வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். லென்ஸ் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். கல்யாணத்துக்குள் மாற்ற வேண்டியிருந்தால் நாள் வேண்டுமே என்ற கவலை.

தங்கள் சம்பந்தி


ஜூன் 22

சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என் வீட்டுக்காரி, "கண்ணுல என்ன?" என்றாள். லென்ஸ் உறுத்துகிறது என்றேன். "சம்பந்திகிட்ட காட்டுங்க," என்றாள்.

நாளை மாலை கோபுரத்துக்குப் போகிறேன். கடிகாரத்தின் முட்களை நான் ஒட்டிய நாளிலிருந்து ஊரே நேரம் தெரியாமல் அல்லாடுகிறது. மகளே அன்றைக்குக் கடிகாரத்தைப் பார்த்து ஏமாந்து வங்கிக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினாளாம். கரைப்பான் கொண்டுபோய் விடுவித்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன். என் பசை எப்படிப்பட்டது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது, அது போதும்.

ஆனால் நீங்கள் வந்து என் காலரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருடம் அந்த உச்சியில் ஏறி இறங்கியபோது கீழே எனக்கு ஒன்றும் தெரியாது, மங்கலாக ஒரு தரை, அவ்வளவுதான். அன்றைக்கு லென்ஸ் போட்டுக்கொண்டு முதல் முறையாகக் கீழே பார்த்தேன். அப்பாடா! அவ்வளவு உயரம் என்று எனக்கு யாருமே சொல்லவில்லை.

நீங்கள் கோபுரத்தில் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. தெரிகிறது சம்பந்தி. நன்றாகவே தெரிகிறது.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சம்பந்தி